சிங்கம் முகம் பார்த்த தொட்டி

ஒரு காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் செத்துப்போனது. அதிகமாகச் சுத்தம் செய்ததால் செத்தது.

சின்னக் காடு. நாற்பது குடும்பம், ஒரு குட்டை. குட்டைக்கு மேட்டில் நிலையம். தொட்டி, காற்று ஊதும் மோட்டார், பச்சை விளக்கு எரியும் திரை. தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், கோடிக்கணக்கில். அழுக்கைத் தின்பது அவற்றின் வேலை. லீவு கேட்டதில்லை.

திறந்துவைக்கச் சிங்கம் வருகிறது என்றார்கள். நிலையத்தின் தலைவர் நரி தொட்டியை எட்டிப் பார்த்தது. பழுப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது கருமம்?"

"கிருமிங்க தலைவரே. அதுங்கதான் வேலை செய்யுது" என்றது ஆபரேட்டர் உடும்பு.

"சிங்கம் வர்ற எடத்துல கிருமியா? பத்து மூட்டை பிளீச்சிங் பவுடர் கொட்டு."

"செத்துடுமே!"

"செத்தாத்தான்யா சுத்தம்."

கொட்டினார்கள். எருமைகள் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் போர்டும் வைத்தார்கள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. சிங்கம் வந்தது, அதில் முகம் பார்த்தது, பிடரியைக் கோதிக்கொண்டது, போய்விட்டது.

அப்புறம் வந்த சாக்கடை வந்தபடியே குட்டையில் இறங்கியது. தின்ன ஆள் இல்லை.

குட்டையில் செங்கமலம் என்று ஒரு தவளை. முந்நூறு தலைப்பிரட்டைக்குத் தாய். அலுவலகத்துக்கு ஓடி வந்தது.

"தலைவரே, தண்ணி கறுத்துப்போச்சு. பிள்ளைங்க மேல வந்து வாயைப் பிளக்குதுங்க."

"திரையப் பாரு. பச்சைதான் எரியுது."

"மோட்டார் ஓடினாலே பச்சைதான்" என்று முனகியது உடும்பு.

"மனு எழுதிக் குடும்மா" என்றது நரி.

படிவத்தில் ஒரு கட்டம். வால்: உண்டு, இல்லை.

"எனக்கு இல்லீங்க. பிள்ளைங்களுக்கு இருக்கு."

"ஏதாவது ஒண்ணுதான் டிக் பண்ணணும். அதுங்களுக்கு வால் விழுந்ததும் வா."

"அதுவரைக்கும் உசுரோட இருக்கணுமே!"

"அதுக்குத் தனி மனு."

உடும்புக்குப் பொறுக்கவில்லை. "பவுடர் காரம் காத்துல போயிடுச்சு தலைவரே. சாணி கரைச்சு ஊத்தினா புதுக் கிருமி பிடிச்சுக்கும்."

"சிங்கம் முகம் பார்த்த தொட்டியில சாணியா? தொலைச்சுப்புடுவேன்."

செங்கமலம் காதில் இது விழுந்தது. நேரே சேற்றில் படுத்திருந்த பேச்சியிடம் போனது. பேச்சி எருமை.

"அக்கா, தொட்டியில வந்து குளிக்கறியா?"

"என்னை உள்ள விடக் கூடாதுன்னு போர்டு இருக்காமே."

"நீ படிச்சியா?"

"எனக்கு எங்கடி படிக்கத் தெரியும்?"

"அப்புறம் என்ன? வாக்கா."

பேச்சி போய் இறங்கியது. மூன்று நாள் கிடந்தது. எருமை கிடந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. உடும்பு பார்க்காத மாதிரி மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பத்து நாளில் தொட்டி பழையபடி பழுப்பாக நுரைத்தது. குட்டை தெளிந்தது. செங்கமலம் எண்ணிப் பார்த்தது. நூற்றுப்பத்துப் பிள்ளைகள் மிஞ்சியிருந்தன. திரையில் அப்போதும் அதே பச்சைதான்.

சேதி சிங்கத்துக்குப் போனது. நிலையத்தைச் சரிசெய்தவருக்கு விருது என்று ஒரு படிவம் வந்தது.

"என் பேரை எழுது" என்றது நரி.

எழுதப்போன உடும்பு நிறுத்தியது. "அடுத்த கட்டத்துல 'சரிசெய்த முறை'ன்னு இருக்கு தலைவரே."

"என்ன முறை?"

"தொட்டியில இறங்கி மூணு நாள் சாணி போட்டது. விழாவுல சத்தமா வாசிப்பாங்களாம்."

நரி வெகுநேரம் திரையைப் பார்த்தது. பச்சையாக எரிந்தது.

"சரி, உள்ளதையே எழுதித் தொலை."

உடும்பு எழுதியது: பேச்சி, எருமை.

நீதி: நல்லது செய்தால், அடுத்தவன் தன் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூசும்படி செய்.