மூணு பெல்லும் கறுப்பு முட்டையும்

உலகத்தில் எதைத் தட்டினாலும் அது தனக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் மூணு பெல்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை அவரே கண்ணாடி போட்டுப் படித்தால்தான் நினைவுக்கு வரும். கோலார் தங்கவயலில், அதிலும் சாம்பியன் ரீப்ஸில், மூணு பெல் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். நாய்கூடக் குரைக்காமல் வழிவிடும் என்று எங்கள் ரயில் நண்பன் சம்பத் சொல்வான். அது கொஞ்சம் அதிகம்.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் பூமிக்கு அடியில் நின்று பெல் கயிறு இழுத்தவர். ஆட்களையும் சாமானையும் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். மேலே எஞ்சின் ரூமில் உட்கார்ந்து அதை இயக்கும் டிரைவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. மணிச்சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒரு பெல் என்றால் நிறுத்து. மூன்று பெல் என்றால், உள்ளே இருப்பது பாறை இல்லை, ஆள், பார்த்து மெதுவாகத் தூக்கு. டிரைவரும் அதே மூன்றைத் திருப்பி அடிப்பார். அப்படித் திருப்பி அடிக்கும்வரை கேஜ் அசையாது.

சுரங்கத்தை மூடினார்கள். கயிறு போயிற்று, கை போகவில்லை. சலூனில் கத்தரி காதுக்கு அருகே வந்தால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு, நிறுத்து. யார் வீட்டுக்குப் போனாலும் கதவில் மூன்று தட்டு. உள்ளிருந்து மூன்று தட்டுக் கேட்டால்தான் நுழைவார். புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் விவரம் தெரியாமல் "வாங்க, வாங்க" என்று கத்திக்கொண்டே இருந்ததாம், இவர் கால் மணி நேரம் வாசலிலேயே நின்றாராம். ஒரு ஞாயிறு கோவிலில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது, தன்னை அறியாமல் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். பாதிரியாரின் அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. பிரசங்கம் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டது. பூசை முடிந்து சபையார் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பிற்பாடு பெங்களூரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் வாட்ச்மேன் ஆனார். அவரும், அச்சகத்தில் பிழை திருத்தும் நானும், ஸ்கெலட்டன் லைன் வீடுகளிலிருந்து வரும் ஒர்க்ஷாப் சம்பத்தும் பல வருஷமாகக் காலை ரயிலில் ஒரே பெட்டி. வண்டி கிளம்புமுன் ஜன்னல் சட்டத்தில் மூன்று தட்டுவார். வண்டி கிளம்பும். ஒருநாள் சிக்னல் கிடைக்காமல் அரை மணி நின்றது. இவரும் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "மேல தூங்கறாம்பா" என்று சொல்லிவிட்டுத் தானும் தூங்கிப்போனார்.

இப்படிப்பட்ட மனிதர் பங்காருபேட்டையில் ஏறும் வடையை ஒருநாள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, வடை புடிக்கலையா?" என்றேன்.

"வடையா இது? நீ சொல்லித்தாம்பா தெரியுது."

ஊரையெல்லாம் காய்ச்சல் சுற்றிய காலத்தில் அவருக்கும் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. "டாக்டரு தானா வரும்னாரு. ஒன்றரை வருசமா வந்துகினே கீது" என்றார்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று சம்பத் கேட்டான்.

மூணு பெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. முப்பது வருசமா தட்டை வச்சுட்டு எதுருல நின்னு என் மூஞ்சியையே பாக்கறா. நான் மொத வாய் வச்சு 'நல்லா கீது ரோஸி'ன்னு சொன்னாத்தான் உக்காந்து சாப்புடுவா. இப்பவும் சொல்லிகினுதான் கீறேன். மூணு வேளையும் பொய்யிப்பா. சாவறதுக்குள்ள ஒரு வாட்டி அதை நெஜமா சொல்லணும்."

வடைக்காரர் நகர்ந்துவிட்டார்.

அடுத்த வாரமே மார்க்கெட்டில் ரோஸி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவருக்கு நாக்கு செத்துப்போச்சா?"

"அப்படியாக்கா? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"நடிக்காதீங்க. போன ஞாயித்துக்கெழமை பன்னிக்கறியில உப்பு போட மறந்துட்டேன். என்னால வாயில வைக்க முடியல. அவரு நல்லா கீது ரோஸின்னு ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்ட்டாரு." கையிலிருந்த கத்தரிக்காயை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லாதீங்க. பாவம், எனக்காகத்தானே இவ்ளோ கஷ்டப்பட்டு நடிக்கிறாரு. இனிமே ஞாயித்துக்கெழமை கறியில உப்பே போடப் போறதில்ல. என்னைக்கு அவரா உப்பு எங்கன்னு கேக்கறாரோ, அன்னைக்கு வந்துடுச்சுன்னு தெரிஞ்சுக்கறேன்."

ஆக, புருஷன் ரகசியமும் பெண்டாட்டி ரகசியமும் என் ஒரே வயிற்றில். நான் பிழை திருத்துகிறவன், கண்ணில் பட்ட தப்பைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மூணு பெல் சும்மா இருக்கவில்லை. பச்சைப் பாகற்காய் கடித்தார். பெருங்காயக் கட்டியை மிட்டாய் மாதிரி அடக்கிக்கொண்டு மாலூர் வரை வந்தார். குண்டூர் மிளகாயை மென்றார், கண்ணில் நீர் வந்தது, ருசி வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெஞ்சில் ஒரே ஒரு தட்டு விழும். பிறகு ஒருநாள் புதுச் செய்தியோடு வந்தார். அவர் காவல் காக்கும் கட்டடத்துக்கு எதிரே ஒரு சைனீஸ் ஓட்டல் திறந்திருக்கிறார்கள், சீனாக்காரர்களே வந்து சாப்பிடுகிற ஓட்டல்.

"தெனம் பாக்கறேம்பா. வெளிய வர்றவனெல்லாம் மூக்கைச் சிந்திகினு அழுதுகினு வர்றான். அடுத்த வாரம் மறுபடியும் போறான். அதுல இன்னாவோ கீது."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூவரும் போனோம். சம்பத்துக்குத் தெரிந்த சைனீஸ் எல்லாம் எங்கள் பஸ் ஸ்டாண்ட் தள்ளுவண்டியில் சிவப்பாகக் கிடைக்கும் கோபி மஞ்சூரிதான். சீனாவில் காலை எழுந்ததும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பது அவன் எண்ணம். மூணு பெல் கண்ணாடிக் கதவில் மூன்று தட்டினார். அது தானாகத் திறக்கிற ரகம், விலகிக்கொண்டது. "பாத்தியா, எப்பிடி மரியாதை" என்றார்.

வட்ட மேஜை. நடுவில் சுழலும் கண்ணாடிப் பலகை. அதைப் பார்த்ததும் அவருக்குச் சொந்தவீட்டுக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. "தட்டாம யாரும் சுத்தக் கூடாது. சாமான் மேல கீது" என்று கண்டிஷன் போட்டுவிட்டார். அவர் ஸ்பூனால் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் பலகை நிற்க வேண்டும். தட்டும் ஒவ்வொரு தடவையும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மணிப்பூர்ப் பையன் ஒருவன் ஓடி வந்தான். அவனுக்குக் கன்னடம் அரைகுறை.

"கோபி மஞ்சூரி இல்வா?" என்றான் சம்பத்.

"இல்லா சார்."

"இன்னா ஓட்டலுப்பா இது."

நான் மெனுவைப் படித்தேன். பன்றிக் காது, மாட்டுக் குடல், ரத்தக்கட்டி, கோழிக் கால். பக்கத்து மேஜையில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய நாலு இளவட்டங்கள் ரத்தக்கட்டியைப் போட்டோ எடுத்துவிட்டு, யார் முதலில் சாப்பிடுவது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "குடல்போட்டியும் ரத்தப் பொரியலும்டா. இதுக்கா பந்தயம்? எங்க லைன்ல ஞாயித்துக்கெழமை எல்லா ஊட்லயும் இதுதானே." சொல்லிவிட்டு மூன்று கிண்ணம் காலி செய்தான். பந்தயக்காரர்கள் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தார்கள்.

மூணு பெல் மட்டும் பரீட்சை எழுதுகிற மாதிரி சாப்பிட்டார். எங்களுக்குள் ஏற்பாடு இதுதான்: ருசி இல்லையென்றால் ஒரு பெல், தெரிந்தால் மூன்று. காது வந்தது. கண்ணை மூடி மென்றார். ஒரு தட்டு. குடல் வந்தது. ஒரு தட்டு. கோழிக் காலைக் கடைசி எலும்புவரை உறிஞ்சினார். ஒரு தட்டு. பையன் நாலாவது தடவை ஓடி வந்து, "சார், ஏனு பேக்கு?" என்று அழாத குறையாகக் கேட்டான். என்ன வேண்டும் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்து, சீன மிளகு தூவிய மீன். சம்பத் இரண்டு வாய் வைத்ததும் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "டேய், என் ஒதடு எங்கடா?" எனக்கும் பல் டாக்டரிடம் ஊசி போட்ட மாதிரி மரத்துவிட்டது. மூணு பெல் ஸ்பூனை உயர்த்தினார். அது வெகுநேரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. கடைசியில் ஒரே ஒரு தட்டு.

"நமநமங்குது. ஆனா அது ருசி இல்லப்பா. நான் என்னையே ஏமாத்திக்கக் கூடாது" என்றார். வீட்டில் மூன்று வேளையும் பொய் சொல்கிறவர், இங்கே ஒரு மிளகிடம்கூடப் பொய் சொல்லத் தயாராக இல்லை. நான் மீனைத் தள்ளிவைத்துவிட்டு மெனுவை மறுபடி எடுத்தேன்.

மெனுவில் மீதி இருந்தது ஒன்றுதான். சுண்ணாம்பிலும் சாம்பலிலும் பல வாரம் ஊறப்போட்ட கறுப்பு முட்டை. பையன் தயங்கினான். "சார், ஸ்மெல்லு" என்று தன் மூக்கைப் பிடித்துக் காட்டினான். முட்டை வந்தது. வெள்ளைக்கரு கறுப்புக் கண்ணாடி, மஞ்சள்கரு பாசிப் பச்சை. வாடையோ, சம்பத் நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போய்விட்டான். பந்தயக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

மூணு பெல் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். போன கை அப்படியே நின்றது. மறுபடி முகர்ந்தார்.

"வெடி" என்றார்.

"இன்னாண்ணா?"

"கீழ பாறைக்கு வெடி வச்சு, பொகை அடங்கினப்பொறம் உள்ள போனா மூக்குல ஏறும்ல, அந்த நாத்தம். அதேதாம்பா." வாயில் போட்டுக்கொண்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. ஸ்பூனை எடுத்துக் கண்ணாடியில் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

பையன் ஓடி வந்தான். "ஒண்ணும் வேணாம் ராஜா" என்று தமிழிலேயே சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆள் ஏறியாச்சு." அவனுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தான்.

இரண்டாவது துண்டில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதிலும் இல்லை. நாங்கள் அவரைப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அவரோ நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். "பரவால்ல. ரோப்பு அறுந்துடல. மேல யாரோ கீறான்" என்றார். தட்டில் இரண்டு துண்டு மீதி இருந்தது. சம்பத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தான். நான் இன்னொன்றை எடுத்தேன். அதன் ருசியைப் பற்றி எதுவும் எழுதுவதாக இல்லை.

ஆறு முட்டையைப் பார்சல் வாங்கிக்கொண்டார். திரும்பும் ரயிலில் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து முகர்ந்துகொண்டே வந்தார். அத்தனை வருஷப் பயணத்தில் அன்றுதான் மூன்று பேருக்கும் ஜன்னல் சீட்டுக் கிடைத்தது.

அதற்குப்பின் ஞாயிறுதோறும் எங்களைச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் ஞாயிறு, ரோஸி அக்கா பன்னிக்கறியும் சோறும் வைத்துவிட்டு எதிரே நின்றார். மூணு பெல் மொத வாய் வைத்து, "நல்லா கீது ரோஸி" என்றார். சம்பத் ஒரு வாய் வைத்துவிட்டு, "அக்கா, உப்..." என்று ஆரம்பித்தான். அவன் காலை மிதித்தேன். திரும்பும் வழியில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "உனக்குப் பத்து கால் இருந்திருந்தா பத்தாலயும் மிதிச்சிருக்கலாம்டா" என்றான். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

நாலு மாதம் உப்பில்லாக் கறி. ஒவ்வொரு வாரமும் அக்கா எதிரே நிற்பார், அவர் "நல்லா கீது ரோஸி" என்பார், அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போவார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து சாப்பிடுவோம். காபி வாசனை லேசாக வருகிறது என்றார் ஒரு வாரம். மறுவாரம் அதுவும் இல்லை என்றார்.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிறு. வழக்கம்போல மொத வாய் வைத்தார். வழக்கமான வார்த்தை வரவில்லை. இன்னொரு வாய் வைத்தார். விரலால் தட்டின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். நானும் சம்பத்தும் கை நிறுத்தினோம்.

"ரோஸி, கோச்சுக்காத. கறியில உப்பு போட்டியா?"

அதைக் கேட்டதும் அக்கா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்திலிருந்த கரண்டியை எடுத்துக் கறிச் சட்டியின் விளிம்பில் நிதானமாகத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

மூணு பெல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எத்தினி நாளா?" என்று மெதுவாகக் கேட்டார். நாங்கள் சாப்பிட்ட மாதங்களுக்குச் சம்பத் நாலு விரலைக் காட்டினான், பிறகு ஐந்தாவதையும் நீட்டினான். அவர் எழுந்துபோய் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். உப்பு ஜாடி அவர்களுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அதைக் கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. நானும் சம்பத்தும் தட்டில் இருந்ததை அப்படியே, ஒரு பருக்கை விடாமல், சாப்பிட்டு முடித்தோம்.