ஒட்டாத ரயில் பெட்டி ஒன்று வேண்டும்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். தாங்களும் வீட்டில் உள்ளோரும் சுகமாக இருப்பதாக நம்பியே மேற்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் உடம்பு தேறிய பிறகு இதைப் படிக்கவும். ஏனென்றால் தங்களுக்கு இதில் ஒரு வேலை வைத்திருக்கிறேன். என்ன வேலை என்பதை எடுத்த எடுப்பில் சொன்னால் எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று தாங்கள் சந்தேகிக்கக்கூடும். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு வருகிறேன்.

தங்கள் தங்கை ஸ்டூல் மேல் ஏறித் திரைச்சீலை மாட்டப் போய், விழுந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டதும், உள்ளே தகடு வைத்து முடுக்கியதும் தாங்கள் அறிந்ததே. கட்டுப் பிரித்தாகிவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஆனால் விரல்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று பார்க்க மாட்டேன் என்கின்றன. அவளுடைய தையல் கடையில் தைப்பது யாராக இருந்தாலும் துணி வெட்டுவது அவள் மட்டும்தான் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு நாள் பழைய துணி ஒன்றை விரித்து, கத்தரிக்கோலைப் பிடித்துப் பார்த்தாள். கோடு நேராகப் போகாமல் ஆற்றங்கரை மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. கத்தரிக்கோலை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள். அன்றிலிருந்து கடைப் பேச்சே இல்லை. தையல்காரப் பெண் போன் செய்தால், "நீங்களே யாரையாவது வெச்சு வெட்டிக்கோங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். மச்சான், கல்யாணம் ஆன நாளிலிருந்து கடையை அவள் விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. என்னை விட்டுக்கொடுத்துப் பேசியிருக்கிறாள், கடையை இல்லை.

விரலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் நல்ல பெண்தான். பட்டாணி பொறுக்குங்கள், களிமண் உருட்டுங்கள், மணி கோத்துப் பாருங்கள் என்றாள். "நான் என்ன நர்சரி பள்ளிக்கூடத்துலயா சேர்ந்திருக்கேன்?" என்று கேட்டுவிட்டு, உங்கள் தங்கை அந்தப் பட்டாணியை வேக வைத்துவிட்டாள். நல்லவேளையாக நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் பயிற்சிக்குக் காத்திருக்கும்போது, அங்கே கிடந்த பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு படத்தில் நிறுத்தி, "இதோ பாருங்க, சின்ன ரயில் பெட்டி. துண்டு துண்டா வருமாம், நாமளே ஒட்டிச் சேர்க்கணுமாம். இது கிடைச்சா செய்வேன். வேற எதையும் என் முன்னாடி கொண்டுவராதீங்க" என்றாள். வாய் திறந்து ஒன்றைக் கேட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளை வீட்டில் விட்ட கையோடு கிளம்பிவிட்டேன்.

முதலில் பொம்மைக் கடை. அங்கே இருந்த பெண் சிரித்த முகத்தோடு, "குழந்தைக்கு என்ன வயசு சார்?" என்றாள். "ஐம்பத்தெட்டு" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. விஷயத்தை விளக்கிச் சொன்னதும், விசில் அடித்துக்கொண்டு ஓடும் ரயில் ஒன்றைத் தரையில் ஓடவிட்டாள். "இது முழுசா இருக்கேம்மா, எனக்குத் துண்டு துண்டா வேணும்" என்றேன். அவள் உள்ளே போய் முதலாளியைக் கூட்டிவந்தாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து நசுங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, "கஸ்டமர் திருப்பிக் கொடுத்தது சார். குழந்தை மிதிச்சிருச்சு. துண்டு துண்டாத்தான் இருக்கு" என்றார். மச்சான், உடைந்ததற்கும் ஒட்டாததற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் என் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் ஒருவர், "பாவம், வீட்ல பேரன் பாடாப் படுத்தறான் போல" என்று என் காதுபட இரங்கினார்.

அடுத்து கடைத்தெரு. அங்கே இன்னொரு தொல்லை. நான் எடை, அளவு சோதிக்கும் அதிகாரியாக இருந்ததையும், கடைக்காரர்கள் என்னை முதுகுக்குப் பின்னால் 'தராசு' என்று கூப்பிட்டதையும் தாங்கள் அறிவீர்கள். நான் ஓய்வு பெற்றது அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. நான் தெருமுனையில் திரும்பும்போதே வரிசையாக ஷட்டர்கள் இறங்கிவிட்டன. திறந்திருந்த ஒரே கடையில் உரிமையாளர் வேர்த்து விறுவிறுத்து, டீ சொல்லி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "சார், தராசை நேத்துதான் சர்வீஸ் பண்ணோம்" என்றார். "தராசு கிடக்கட்டும்ப்பா, ரயில் பெட்டி செய்ய உதிரி பாகம் எங்க கிடைக்கும்?" என்றேன். தப்பித்தோம் என்று அவருக்கு வந்த சந்தோஷத்தில் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. உடனே ஒரு போன் நம்பரைக் கொடுத்தார். போட்டேன். எதிர்முனையில் கட்டைக் குரலில் ஒருத்தர், "பெட்டிக்கு ஸ்பேர்தானே? இருக்குங்க. சக்கரம் வேணுமா, பாடி வேணுமா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. "எல்லாமே வேணும். கையோட எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன். "எடுத்துட்டுப் போங்க, லாரி உங்களுதா, எங்களுதா?" என்றார்.

புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே போனை வைத்திருப்பான். லாரின்னு வேடிக்கையாச் சொல்றார்னு நினைச்சு நான் நேரிலேயே போய் நின்னேன், மச்சான். பழைய இரும்பு குடோன். ஒவ்வொரு சக்கரமும் என் இடுப்பு உயரம். "இதைவிடச் சின்னதா இருக்கா?" என்றேன். டிராலி சக்கரத்தைக் காட்டினார். "இன்னும் சின்னதா... சட்டைப் பித்தான் சைஸ்ல?" அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் கூட்டிவந்து, "வீட்ல யாராவது இருக்காங்களா? போன் பண்ணட்டுமா?" என்று ரொம்ப இதமாகக் கேட்டார்.

சரி, இன்டர்நெட்டில் கிடைக்காததா என்று பக்கத்து வீட்டு அம்மாவின் உதவியோடு உட்கார்ந்தேன். கிடைத்தது. பெட்டி ஒரு இடத்தில், சக்கரம் இன்னொரு இடத்தில். பெட்டி நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்று போட்டிருந்தது. எண்பத்தேழு! இது ஒரு அளவா, மச்சான்? நூறு என்றால் நூறு, ஐம்பது என்றால் ஐம்பது. நான் வேலையில் இருந்தபோது எவனாவது எண்பத்தேழு என்று அளவு வைத்திருந்தால் கடையைச் சீல் வைத்திருப்பேன். இந்தக் கோபத்தில் சக்கரத்தின் அளவைப் பார்க்க விட்டுப்போச்சு. அது நூற்றறுபதில் ஒரு பங்கு. பார்சல் வந்தது. அந்தப் பெட்டிக்கு அந்தச் சக்கரத்தை வைத்துப் பார்த்தால், யானைக்குக் குழந்தை செருப்பு போட்ட மாதிரி இருந்தது. தப்பு அளவு வைத்ததற்காக ஊரெல்லாம் அபராதம் போட்டவன் நான். என் வீட்டு மேசையிலேயே இப்படி. உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "விடுங்க, முயற்சி பண்ணீங்களே அதுவே போதும்" என்றாள். அவள் அப்படி விட்டுவிட்டதுதான் எனக்குத் தாங்கலை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

சரியான அளவில் சக்கரம் கையிருப்பில் இல்லை என்று போட்டிருந்தது. பெட்டியையும் சக்கரத்தையும் திருப்பி அனுப்பும்போது கூரியர்காரர்தான் சொன்னார், இந்த மாதிரி பார்சல் ஒரு பல் டாக்டருக்கு அடிக்கடி வரும் என்று. சலவைக் கடைக்கு மாடியில் வீடு. போனேன். டாக்டர் தொழிலை விட்டுவிட்டாராம். கதவைத் திறந்தவர், "ரயில் பெட்டி" என்று நான் சொன்னதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். ஒரு அறை முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க அட்டைப்பெட்டி. சரக்குப் பெட்டி, எண்ணெய் டாங்கி, நிலக்கரி வண்டி, எல்லாம் ஒட்டாதது, பிரிக்காதது. "எப்போ செய்யப் போறீங்க?" என்றேன். "செய்யறதா? செஞ்சுட்டா அப்புறம் செய்யறதுக்கு என்ன இருக்கு?" என்றார். ஒன்றை மட்டும் கொடுங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கேட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றேன், இன்னும் சுருங்கியது. நானும் சளைக்காமல் தங்கள் தங்கையின் மணிக்கட்டு, தகடு, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளறையிலிருந்து அவர் மனைவி, "ஏங்க, பல்லைப் பிடுங்கும்போது யோசிச்சீங்களா? ஒண்ணை எடுத்துக் குடுங்க" என்றார். டாக்டர் ரொம்ப நேரம் தேடி, மூடிய சரக்குப் பெட்டி ஒன்றை எடுத்து, குழந்தையைத் தத்துக் கொடுப்பது மாதிரி என் கையில் வைத்தார். "முடிச்சதும் கொண்டுவந்து காட்டணும்" என்றார். வெளியே நல்ல மழை. நான் நனைந்தேன், பெட்டியைச் சட்டைக்குள்ளே வைத்து நனையாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

உங்கள் தங்கை சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். முதல் நாள் பசையில் என் கட்டைவிரல் மூக்குக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை. இரண்டாம் நாள் பிரேக் கைப்பிடி, அரிசியில் பாதி இருக்கும், இடுக்கியிலிருந்து எகிறிக் கீழே விழுந்துவிட்டது. நாங்க ரெண்டு பேரும் டார்ச்சோட மேசைக்கு அடியில தவழ்ந்துட்டு இருக்கோம், மாடி வீட்டுக்காரர் வாடகை விஷயமா ஏதோ பேச வந்தவர் எட்டிப் பார்த்து, "பரவால்ல, நான் அப்புறம் வரேன்" என்று ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். இன்று வரை மாடிப்படியில் எங்களைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார். கைப்பிடி என் சட்டைக் காலரில் இருந்தது.

இனி சொல்வதைச் சிரிக்காமல் படிக்கவும். பெட்டிக்குப் பக்கவாட்டில் நகரும் கதவு ஒன்று உண்டு. அதை வைக்கும்போது அவள் விரல் நடுங்கி, கதவு ரெண்டாக முறிந்தது. முறிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். மத்தியான வேளை. எனக்கு மனசு கேட்கவில்லை. பூனை மாதிரி உட்கார்ந்து, கதவை ஒட்டி, அதன் இடத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து வைத்தேன். அளவு பிசகாத வேலை, நானே சொல்லிக்கொள்ளக்கூடாது. எழுந்து வந்தவள் பார்த்தாள். பாராட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"யார் வெச்சது?"

"நான்தான். சும்மா இருந்தேன், அதான்..."

"நீங்களே எல்லாத்தையும் செஞ்சுட்டா என் கை எதுக்கு இருக்கு? அதையும் கழட்டி அலமாரியில வெச்சிடட்டுமா?"

அவள் உட்கார்ந்தாள். நான் ஒட்டிய கதவை நகத்தால் நெம்பி எடுத்தாள். சுரண்டினாள். திரும்பப் பசை வைத்தாள். கை நடுங்கும், நிறுத்துவாள். மூச்சு விடுவாள், மறுபடி எடுப்பாள். என் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மச்சான். விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கதவு நின்றது.

முடித்ததைக் கொண்டுபோய்க் காட்டினோம். பல் டாக்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு, வாயைத் திறக்கச் சொல்வார் போலப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, கதவு மட்டும் கொஞ்சம் கோணல்" என்றார். "கோணல்தான். அது நான் போட்டது" என்றாள் உங்கள் தங்கை, பதக்கம் வாங்கியவள் மாதிரி.

இப்போது தங்களுக்கான வேலை. இவ்வளவு ஆகியும் அவள் கடைப் பேச்சை எடுக்கவில்லை. இன்னொரு பெட்டி செய்தால் எடுப்பாள் என்று என் கணக்கு. டாக்டரிடம் மறுபடி போனேன். வீட்டில் யாரும் இல்லை என்று அவரே உள்ளிருந்து சொன்னார். தங்கள் ஊர் பெரிய ஊர். அங்கே விசாரித்து, எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் பயணிகள் பெட்டி ஒன்று, ஒட்டாதது, வாங்கி அனுப்பவும். கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்து ஒட்டிக் கொடுத்துவிடப் போகிறார், பக்கத்திலேயே நிற்கவும். அவளுக்கு இது தெரியக்கூடாது. அவளுக்காக மட்டுமே கேட்கிறேன்; எனக்கு இதிலெல்லாம் துளியும் நாட்டம் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே.

பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், நடுவில் இருப்பவர்களுக்கு எது பொருத்தமோ அதுவும்.

தங்கள் பதிலையும் பார்சலையும் எதிர்பார்க்கும்,
தங்கை கணவன்

பி.கு.: அண்ணா, இது நான். இவர் தபால்தலை வாங்கப் போயிருக்கார். ரகசியக் கடிதமாம், மேசை மேல விரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கார். எனக்கு ரயில் மேல எந்த ஆசையும் கிடையாது. கை உடைஞ்சதிலிருந்து நான் தண்ணி குடிச்சா கீழே கையை ஏந்தறார், படி ஏறினா பின்னாடி ரெண்டு கையையும் விரிச்சுட்டு வரார். எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. எங்கேயும் கிடைக்காத ஒண்ணைக் கேட்டா கொஞ்ச நாள் வெளியே அலைவாரேன்னு பத்திரிகையில கண்ணுல பட்டதைச் சொன்னேன். அதைப் போய்க் கண்டுபிடிச்சு, சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நின்னா, வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நாட்டம் இல்லையாம்! நேத்து நான் குளிச்சுட்டு வரேன், அந்தப் பெட்டியை மேசை மேல தள்ளிக்கிட்டு வாயால விசில் அடிக்கறார். திங்கட்கிழமையிலிருந்து நான் கடைக்குப் போறேன், இன்னும் அவர்கிட்ட சொல்லலை. நீ அந்தப் பெட்டியை வாங்கி அவர் பேருக்கே அனுப்பு. ஜன்னல் நிறைய இருக்கறதாப் பார்த்து வாங்கு. நான் வீடு திரும்ப சாயங்காலம் ஆகும்.