கிணற்றடியில் நின்றுபோன பேச்சு

எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மீன் என்ன விலை என்று கேட்டவரிடம், அந்த மார்க்கெட் முதலில் எந்தத் தெருவில் இருந்தது என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறேன். (கேட்டவர் கோழி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.) இந்தக் குணத்தால் யாருக்கும் தீங்கில்லை என்றுதான் நம்பியிருந்தேன், எங்கள் ஜெலுத்தோங் வட்டாரச் சமூக மண்டபத்தில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்வரை.

எங்கள் ஃபிளாட்டில் இரண்டே அறை. ஒன்றில் நானும் மனைவியும். மற்றதில் மகள் கவிதா, மருமகன், பேத்தி, அப்புறம் கூரையைத் தொடும் என் பழைய செய்தித்தாள்கள். அடுத்த தெருவில் மரப்பட்டறை இருந்த காலி நிலத்தில் மலிவு விலை வீடுகள் வருவதாக அறிவித்தார்கள். கவிதாவுக்கும் ஒன்று கிடைத்தது. ஜன்னலுக்குப் பச்சைத் திரை என்பதுவரை முடிவாகிவிட்டது. அப்போதுதான் பக்கத்தில் சொந்த நிலத்தில் தனி வீடு வைத்திருக்கும் தரை வீட்டுக்காரர்கள், இந்த வட்டாரத்தில் இரண்டாண்டுகளுக்குப் புதிய கட்டடமே கூடாது என்று நகராட்சியிடம் மனுக் கொடுத்தார்கள். நெரிசல், வெள்ளம், கார் நிறுத்த இடமில்லை. அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. மழை பெய்தால் அவர்கள் வாசலில் தண்ணீர் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே கட்டிலில் மூன்று பேர் படுப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

பொதுமக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். தடையை எதிர்த்துப் பேச எங்கள் ஃபிளாட்காரர்கள் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், இந்த இடத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று.

சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கவிதா எச்சரித்தாள்.

"அப்பா, மூனு நிமிஷந்தான் குடுப்பாங்க. தடை வேணாம்னு சொல்லிட்டு உக்காருங்க. சரித்திரம் வேணாம்லா."

"அதாம்மா நம்ம பலம். அந்த நெலத்துல முன்னாடியே ஜனங்க குடியிருந்தாங்க. வீடு இருந்த எடத்துல வீடு வந்தா என்ன தப்பு?"

நல்ல வாதம். இன்றுவரை அதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மலாயில் தொடங்கினேன். சதுப்பு நிலத்தைத் தூர்த்தது, அத்தாப்பு ஓலைக் குடிசைகள், ஆற்றில் மிதந்து வந்த மரக்கட்டைகள், கடைசியில் இன்றும் அங்கே புதர் மூடிக் கிடக்கும் கிணறு. கிணற்றுக்கு வந்ததும் என் குரலே மாறிவிட்டது. தமிழ், சீன, மலாய்ப் பெண்கள் ஒரே கயிற்றில் தண்ணீர் இறைத்ததாக அம்மா சொன்னதைச் சொன்னேன். தரை வீட்டுக்காரர்களின் தலைவர், ஓய்வுபெற்ற சீன ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மயங்கிப்போனேன். கிணற்றுச் சுவரின் செங்கல்லை வேறு வர்ணித்தேன்.

"ஆகவே…" என்றேன்.

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சது, என்சிக்," என்று மலாய் மரியாதையோடு சொன்னார் கூட்டத்தை நடத்திய அதிகாரி அம்மையார்.

"ஆகவேக்கு அப்புறந்தான் விஷயமே இருக்கு, புவான்!"

அவர் சிரித்தபடி அடுத்தவரை அழைத்தார். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது, அத்தனையும் எதிர்த்தரப்பிலிருந்து. அடுத்து எழுந்த ஆசிரியர் எனக்கு மிச்சமிருந்த வேலையை முடித்துவைத்தார்: "அங்கிள் சொன்னத கேட்டீங்கதானே? இப்படிப்பட்ட எடத்துல கட்டடம் கட்டலாமா?"

தடைக்கு ஆதரவாகப் பேசியவர்களில் என் பெயரும் சேர்ந்தது. தேநீர் நேரத்தில் ஆசிரியர் தன் கையாலேயே எனக்குக் கறிபாப் கொண்டுவந்து கொடுத்தார். (நல்ல கறிபாப். தின்றேன்.) மூன்றாவது வரிசையில் பேத்தியை மடியில் வைத்திருந்த கவிதா என்னைத் திட்டவில்லை. "வாங்கப்பா, போலாம்," என்றாள். திட்டியிருக்கலாம்.

தடை வந்தது. மறுவாரம் நகராட்சி அலுவலகத்துக்கே போய் என் எதிர்ப்பை ஒரே வாக்கியத்தில் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். முகப்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "நீங்க அந்தக் கெணத்து அங்கிள்தானே?" என்று மகிழ்ந்துபோனாள். ஒரு நிலத்தை நேசிப்பதும் அதில் இன்னொருவர் வாழ இடம்விடுவதும் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்? அந்த இரண்டு வருடமும் என் செய்தித்தாள்கள் கவிதாவின் அறையைவிட்டு வந்து என் கட்டிலுக்கடியில் கிடந்தன. என்னால் விட முடிந்த இடம் அவ்வளவுதான்.

இப்போது தடை முடிந்து, அஸ்திவாரத் தூண்களை இறக்கும் சத்தம் காலை முழுக்கக் கேட்கிறது. எங்களுக்கு அது நாதஸ்வரம். சாப்பாட்டு நேரத்தில் நான் எதையாவது ஆரம்பத்திலிருந்து சொல்ல வாயெடுத்தால் பேத்தி கரண்டியால் டம்ளரைத் தட்டுகிறாள். "தாத்தா, ஆகவே?"

கிணற்றை மட்டும் இடிக்காமல் வேலி போட்டிருக்கிறார்கள். தரை வீட்டுக்காரர்கள் அதன் பக்கத்தில் அழகான பலகை ஒன்றும் நட்டிருக்கிறார்கள். அதில் கிணறு தோண்டிய ஆண்டு தவறு. பார்த்த அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கவிதா கதவருகில் நின்றுகொண்டாள்.

"எங்கப்பா?"

"அந்த வருஷம்…"

"நீங்க போய்த் திருத்துனா இன்னொரு மீட்டிங் வெப்பாங்க."

சட்டையைக் கழற்றினேன். தினமும் ரொட்டி வாங்க அந்தப் பலகையைக் கடந்துதான் போகிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மகள் கைக்குச் சாவி வரும்வரை அந்தக் கிணறு தப்பான ஆண்டிலேயே தோண்டப்பட்டிருக்கட்டும்.