பியானோ அம்மாவுக்கு மாலை விழாத கச்சேரி

இடதுகரை வாய்க்கால்,
கிளிநொச்சி.
6.8.1963

பேரன்புக்குரிய அத்தான் கதிர்காமநாதன் அவர்களுக்கு,

இங்கே நானும் விமலேஸ்வரியும் பிள்ளைகளும் மாடு கன்றுகளும் சுகம். கொழும்பில் அக்காவும் நீங்களும் சுகமாயிருக்கக் குளக்கட்டுப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நிற்க, நீங்கள் அனுப்பி வைத்த ஏழு வெள்ளைக்காரரின் கச்சேரி சனிக்கிழமை பின்னேரம் எங்கள் சனசமூக நிலையத்தில் நடந்தது. அதன் பலனாகத் தலைவர் பதவியிலிருந்து விலகத் தீர்மானித்துவிட்டேன். யார் சொன்னாலும் இது மாறாது.

வாசிக்கும்போது சபையில் ஒரு சத்தமும் வரக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். என் கதிரையில் எட்டு வருடமாகக் கண் வைத்திருக்கும் குளத்தின் வலதுகரையில் இருக்கும் வீரகத்தி, "எங்கடை சனம் வாய் மூடி இருக்குமோ? நடக்கிற கதையைக் கதையும்" என்று நக்கலடித்தார். எனக்கு ரோசம் வந்து, ஒரு சத்தம் கேட்டாலும் நான் தலைவர் இல்லை என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டேன்.

முல்லைத்தீவிலிருந்து அற்புதம் உபதேசியார் லொறியில் வைக்கோல் பரப்பித் தன் தேவாலயத்துப் பியானோவை ஒரு கீறலும் இல்லாமல் கொண்டுவந்தார். அதை மேடை நடுவில் வைத்து ஓர் அம்மா வாசிக்க, ஒரு பக்கம் ஊதுகிறவர்கள் மூவர், மறுபக்கம் வயலின்காரர் மூவர் இருந்தார்கள். அங்கேதான் காரியம் கெட்டது. எங்கள் சனம் திருவிழாவில் இரண்டு மேளக் கூட்டத்தை எதிரெதிரே இருத்திச் சமா வைத்துப் பார்த்த சனம். இதுவும் அப்படிப் போட்டிதான் என்று முடிவு கட்டி, வாய் திறக்காமல் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு இடதுகரை குழல் பக்கமும் வலதுகரை வயலின் பக்கமும் போய் இருந்துவிட்டது. முதல் இடைவெளியிலேயே வீரகத்தி மேடையேறிப் பெரிய வயலின்காரருக்கு மாலை போட்டார். மாலை இடறி அவருக்கு அதன்பின் வில் ஒழுங்காக ஓடவில்லை. எங்கள் இடதுகரை அப்புத்துரை விடுவாரா? முன்னுக்கிருந்த குழல்காரருக்கு இரட்டை மாலை.

தனக்கு ஏன் மாலை இல்லை என்று பியானோ அம்மா, மொழிபெயர்க்க நின்ற உபதேசியாரிடம் கேட்டிருக்கிறார். "அவா நடுவிலை இருக்கிற மத்தியஸ்தர். அவவுக்கு மாலை போட்டா நாளைக்குக் கதை வரும்" என்றார் வீரகத்தி. உபதேசியார் அதை எப்படிச் சொன்னாரோ, அதன்பின் அந்த அம்மா இரண்டு பக்கத்தையும் முறைத்தபடியே வாசித்தார். நான் மேடையேறி, ஏழு பேரும் ஒரே கூட்டம் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். "அப்ப ஏன் ரெண்டு பக்கமா இருக்கினம்?" என்று நாகேஸ்வரி ரீச்சர் கேட்டா. நான் மேடையை விட்டு இறங்கிவிட்டேன்.

கடைசி உருப்படியில் வயலின் ஒன்றைச் சொல்ல, குழல் அதையே வாங்கித் திருப்பிக் கொடுக்க, இரண்டும் ஏறிக்கொண்டே போயின. சபை மூச்சு விடவில்லை. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் நான் வென்றிருப்பேன், அத்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்தில் ஒரு மடையன், "விடாதை ஐயா, விடாதை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வீரகத்தி திரும்பிச் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். விலகல் கடிதம் எழுதி மடித்து வைத்திருக்கிறேன். இனிக் குழல், வயலின், பியானோ என்ற பேச்சே என்னிடம் எடுக்கவேண்டாம்.

அக்காவுக்கும் மருமக்களுக்கும் என் அன்பு. பிள்ளையார் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல காதும் தரட்டும்.

அன்பு மைத்துனன்,
வை. பரமலிங்கம்
தலைவர், நாளை வரை

பி.கு.: அந்த மடையன் நான்தான். ஆனால் நான் கத்தியதும் குழல்காரர் எனக்குத் தலையாட்டிவிட்டு ஊதிய ஊதலில் மூன்று வயலினும் அடங்கிப்போயின. வீரகத்தி இதை ஒப்புக்கொள்கிறார் இல்லை. அது தீரும்வரை நான் விலக முடியாது. பெரும்போக நெல் அறுவடை முடிய அந்த ஏழு பேரையும் கட்டாயம் திரும்ப அனுப்பி வையுங்கோ. மத்தியஸ்தரை மட்டும் மாத்துங்கோ.