கறுப்புக் கட்டத்தில் சிரித்த முகம்

காலை ஆறரை மணிக்கே எதிர்வீட்டுக்காரி கறுப்புப் புடவையும் பூங்கொத்துமாக வந்துவிட்டாள். கதவைத் திறந்தவர் இரங்கலாரேதான். பூங்கொத்து கை நழுவிக் கீழே விழுந்தது.

"ஐயையோ! நீங்க போயிட்டதா பேப்பர்ல..."

நாளிதழில் இருபது வருஷமாக மரணச் செய்திப் பக்கம் பார்ப்பவருக்கு அலுவலகம் வைத்த பட்டம் 'இரங்கலார்'. புது நிர்வாகம் போன வாரம் ஒரு குண்டைப் போட்டிருந்தது: முதுகலைப் பட்டம் இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் ஏதாவது கல்லூரியில் அதற்கு இடம் வாங்கிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நடையைக் கட்டலாம்.

"இதழியலா, ஊடகவியலா? ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணு செய்தி எழுதறது. இன்னொண்ணு அதை ஏன் எழுதினோம்னு யோசிக்கறது."

"அப்ப எழுதறதுக்கே போடுங்க. யோசனையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

இதழியலில், வேலையில் இருப்பவர்களுக்கென்று ஒரே ஓர் இடம். விண்ணப்பத்தோடு, பெயரும் படமுமாக அச்சேறிய எழுத்து ஒன்று வேண்டும். செத்தவர் பக்கத்தில் எழுதியவன் பெயர் என்றைக்கு வந்தது? ஆசிரியர்தான் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"உம்ம பக்கம்தானேய்யா, ஒரு ஓரமாப் போட்டுக்கும்."

போட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஓரமும் கறுப்புக் கட்டத்துக்குள்தான் இருந்தது.

எதிர்வீட்டுக்காரி போனதும் அலறியடித்துத் திருத்தம் எழுதினார். ஆசிரியர் அதைச் சுருக்கியதில் பெயர் பறந்துவிட்டது. மறுநாள் வந்தது இதுதான்: 'நேற்று இப்பக்கத்தில் இடம்பெற்றவர் உயிருடன் உள்ளார். வருந்துகிறோம்.'

அதே பக்கத்தில் வந்த மூன்று குடும்பங்களும் போனைப் பிடித்துக்கொண்டன.

"எங்கப்பாவா சார்? நேத்துதானே அடக்கம் பண்ணினோம்!"

மூன்றாம் நாள் இன்னொரு திருத்தம்: 'மற்ற மூவரும் இறந்தது உறுதி.'

இந்த முறை போன் வரவில்லை. ஆட்களே வந்தார்கள். ஒரு மகன் சட்டையைப் பிடித்தான்.

"எங்கம்மா செத்ததுக்கு நீ வருத்தம்கூடப் படலையேடா!"

அறுந்த பொத்தானோடு, அனுப்பிய விண்ணப்பம் என்னவாயிற்று என்று பார்க்கக் கல்லூரிக்கு ஓடினார் இரங்கலார். சேர்க்கைப் பிரிவுப் பெண் கோப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கோப்பைப் பார்த்தாள்.

"உங்க விண்ணப்பத்தை ரத்து பண்ணியாச்சே சார். நீங்க இறந்துட்டதா பேப்பரை வெட்டி அனுப்பியிருந்தாங்க."

"நான் உயிரோடதாம்மா இருக்கேன்!"

"தெரியுது சார். இடம்தான் போயிடுச்சு."

"யாரும்மா அனுப்பினது?"

"அந்த இடத்துல சேர்ந்தவருதான் சார். உங்க பேப்பர் ஆசிரியர். பாவம், அவருக்கும் பட்டம் கிடையாதாமே?"