நொண்டலுக்கு ஏழு வருஷ ஒப்பந்தம்

"எந்தக் கால்?" என்று கேட்டாள் ஹேஸல்.

எலுமிச்சை மரத்தடியில் ஏணியோடு சேர்ந்து கிடந்த ஹோபர்ட் பிங்லி, "வலது" என்று முனகினார்.

"ஐயையோ!"

கணவர் விழுந்த சத்தம் கேட்டபோதுகூட அவள் இவ்வளவு பதறவில்லை. வலது கால் என்றதும்தான் தலையில் கைவைத்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விழறதுதான் விழறீங்க, இடது கால் அடிபடற மாதிரி பார்த்து விழக் கூடாதா?"

"ஏணிகிட்ட சொல்லிட்டா விழுந்தேன்?"

"ஷூட்டிங் இருக்கற நாள்ல காலங்காத்தால யாராவது எலுமிச்சம்பழம் பறிப்பாங்களா?"

"நீதானே மீனுக்குப் பிழியணும்னே!"

"பழம்தான் கேட்டேன். மரத்துலேர்ந்து குதிங்கன்னா கேட்டேன்?"

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். ஹோபர்ட்டுக்குத் தொழிலே நொண்டுவதுதான். ஆனால் சறுக்கியது தப்பான காலில்.

ஹாலிவுட்டில் அவர் முகம் எல்லோருக்கும் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது. திரையில் அவர் தலை தெரிந்ததும், "அட, இந்த ஆளு!" என்று பக்கத்து நாற்காலிக்காரரை இடிப்பார்கள். "பேர் என்ன?" என்றால் இரண்டு பேரும் விழிப்பார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கௌபாய் படத்தில் அவருக்கு மதுக்கடையைக் குறுக்கே கடந்துபோகிற வேலை. மூன்றே அடி. உடை இலாகாவில் கொடுத்த இடது பூட்ஸ் ஒரு சைஸ் சின்னது. பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டிப் போனார். மறுநாள் ஒரு பத்திரிகைக்காரர், "அந்த மூன்று அடியில் ஒரு மனிதனின் வாழ்நாள் வலி தெரிந்தது" என்று எழுதிவிட்டார்.

அவருடைய ஏஜென்ட் பின்ஸ்கர் இதை விடுவானா? பிரான்ஸ் போர்க்களத்தில் இடது காலில் குண்டு பாய்ந்தது, அது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டான். உண்மையில் உலக யுத்தம் நடந்தபோது ஹோபர்ட் அமெரிக்காவை விட்டே போகாமல் கேன்ஸஸில் ஒரு ராணுவ முகாமில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

அன்றுமுதல் நொண்டுகிற ஷெரீஃப், நொண்டுகிற தபால்காரர், நொண்டுகிற பாதிரியார். படத்தில் மட்டும் நொண்டினால் போதுமா? மளிகைக் கடை, சர்ச், முடிவெட்டுகிற இடம் எல்லாவற்றுக்கும் நொண்டித்தான் போகவேண்டும். சமையலறையில் திரையை இழுத்துவிட்ட பிறகுதான் இரண்டு காலையும் ஒழுங்காக ஊன்றுவார். தொழிலில் சிரத்தை வேறு. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் ஆளுயரக் கண்ணாடி முன் நொண்டிப் பார்த்து, தப்பாகத் தெரிந்தால் திருத்திக்கொள்வார்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. நீதிமன்றக் காட்சி. கதாநாயகனைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்ற, நொண்டுகிற கிராமத்து டாக்டர் சாட்சி சொல்ல வருகிறார். கதவிலிருந்து பாதி தூரம் வரை சனிக்கிழமையே எடுத்தாகிவிட்டது. மீதிப் பாதி நடந்து சாட்சிக் கூண்டில் ஏறவேண்டியது இன்று. ஸ்டூடியோ முதலாளி பிளாட்னிக் நேரில் வந்து பார்க்கப்போகிறார். பிடித்திருந்தால் ஏழு வருஷ ஒப்பந்தம்.

இந்த ஐம்பத்துநான்கு வயதுவரை ஹோபர்ட் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்து காலத்தை ஓட்டியவர். ஒரு நாள் வேலை, இரண்டு நாள் வேலை, அப்புறம் மறுபடியும் டெலிபோன். இந்த ஒப்பந்தத்தை விட்டால் இன்னொன்று வராது என்பது அவருக்கும் தெரியும், ஹேஸலுக்கும் தெரியும்.

"ரெண்டு காலும் வலிச்சா எது நிஜம்னு எவனுக்குத் தெரியும்?" என்றாள் ஹேஸல். உள்ளே போய் ஒரு வால்நட் ஓட்டை எடுத்து வந்து அவருடைய இடது ஷூவுக்குள் போட்டாள்.

ஸ்டூடியோவில் முதல் ஷாட். "ஆக்‌ஷன்!"

ஹோபர்ட் நடந்தார். இடது காலை ஊன்றினால் வால்நட் குத்தியது. வலது காலுக்கு மாறினால் சுளுக்குக் குத்தியது.

"கட்! கட்!" டைரக்டர் ஸாபோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். புடாபெஸ்ட்காரர். கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் தொப்பிக்குத்தான் அடி. "யோவ் பிங்லி! சாட்சி சொல்லப் போறியா, குளத்துல இறங்கப் போறியா? வாத்துகூட இதைவிட லட்சணமா நடக்கும்!"

அவர் பக்கத்து ஸ்டூலில் இருந்த வெர்னா பென்சிலை உயர்த்தினாள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வது அவள் வேலை.

"சார், சனிக்கிழமை எடுத்த ஷாட்ல..."

"உஷ்! கேட்டாதான் பேசணும்!" ஸாபோவின் தளத்தில் அதுதான் சட்டம். பென்சில் இறங்கியது.

ஹோபர்ட் மெல்ல நழுவி ஸ்டூடியோ டாக்டரிடம் போனார்.

"டாக்டர், காலு உயிர் போகுது. மரத்துப்போக ஒரு ஊசி..."

"எனக்குச் சொல்லணுமா? பிரான்ஸ்ல குண்டு வாங்கின காலாச்சே! படுங்க."

"இல்ல டாக்டர், இன்னிக்கு இந்தப் பக்கம்..."

"வீரனுக்கு ஊசின்னா பயமா?" என்று சிரித்துக்கொண்டே டாக்டர் இடது தொடையில் இறக்கிவிட்டார்.

இப்போது நல்ல கால் மரத்துப்போனது. சுளுக்கிய கால் முழு விழிப்போடு இருந்தது.

இரண்டாவது ஷாட்டுக்குள் பிளாட்னிக் வந்துவிட்டார். வாயில் பற்றவைக்காத சுருட்டு, கையில் ஒப்பந்தமும் பேனாவும். ஹோபர்ட் கும்பிடாத தெய்வமில்லை. நாலு அடி வைத்தார். இடது கால் மூட்டை மாதிரி பின்னால் இழுபட்டது. வலது காலை ஊன்றியதும், "ஆ!" என்று கத்திக்கொண்டு சாட்சிக் கூண்டுக் கம்பியைப் பிடித்து உள்ளே விழுந்தார். நல்லவேளை, அங்கே நாற்காலி இருந்தது.

"நொண்டறது எந்தக் காலுய்யா?" ஸாபோ ஓடிவந்தார். "வலது காலையா பிடிச்சுக்கிட்டு இருக்கே?"

பிளாட்னிக்கின் புருவம் ஏறியது. ஹோபர்ட்டுக்கு வேர்த்துக் கொட்டியது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

"குண்டு... நகர்ந்துடுச்சு சார்."

"என்னது?"

"இடது கால்லேர்ந்து... வலது காலுக்கு."

ஸாபோ தொப்பியைக் கழற்றினார். இந்த முறை தரையில் அடிக்கவில்லை, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"எந்த வருஷம் பட்ட குண்டு?"

"பதினெட்டு."

"பிரான்ஸ்லயா?"

"ஆமா."

"ஐயோ கடவுளே!" ஸாபோ கூண்டின் படியில் மண்டியிட்டார். "கடைசி வருஷம் எங்க படையையும் பிரான்ஸுக்குத்தான் அனுப்பினாங்க. எதிர்ப் பக்கம் நான் நின்னேன் பிங்லி. கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுட்டேன். அது என் குண்டாத்தான்யா இருக்கும்!"

"சார், சார், நீங்க இல்ல..."

"உன்னை வாத்துன்னு திட்டினேனே, பாவி நான்!" என்று அவருடைய முழங்காலைக் கட்டிக்கொண்டார். வலது முழங்கால். ஹோபர்ட் மறுபடி கத்தினார். "பாருங்க, உள்ளே குத்துது!" என்று ஸாபோ இன்னும் பெரிதாக அழுதார்.

வெர்னாவின் பென்சில் உயர்ந்தது. "சார், ஒரே நிமிஷம்..."

"மனுஷன் உயிருக்குப் போராடறான், உனக்கு நோட்டுப்புத்தகம் கேக்குதா?"

பிளாட்னிக் சுருட்டை எடுத்தார். "இனி அது ஸ்டூடியோவோட காலு. இடுப்புக்கு மேல ஏறிட்டா என்ன ஆகறது? ஆம்புலன்ஸைக் கூப்பிடு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து இன்னிக்கே அறுத்து எடுத்துடலாம். பத்திரிகைக்காரங்களுக்கும் சொல்லு."

ஹோபர்ட்டின் பின்னாலேயே தளத்துக்கு வந்திருந்த ஸ்டூடியோ டாக்டர் டெலிபோனை நோக்கி ஓடினார்.

ஹோபர்ட் சுற்றிலும் பார்த்தார். நீதிபதி வேஷக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு ஜூரிகளும் எழுந்து நின்றிருந்தார்கள். காலடியில் ஒரு மனிதன், தான் சுடாத குண்டுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். கத்திக்குப் பயந்தாரா, அந்த அழுகை தாங்கவில்லையா என்று கேட்டால் இரண்டும்தான். கூண்டில் இருந்த பைபிள்மேல் கையை வைத்தார்.

"அழாதீங்க சார். நீங்க என்னைச் சுடலை. யாருமே சுடலை."

"பெரிய மனசுய்யா உனக்கு!"

"மனசெல்லாம் இல்ல சார், நிஜம். சண்டை நடந்தப்ப நான் கேன்ஸஸ்ல உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தேன்."

ஸாபோ தலையை நிமிர்த்தினார். "அப்ப குண்டு?"

"கிடையாது."

"நொண்டல்?" என்றார் பிளாட்னிக்.

"பூட்ஸ் சார். ஒரு சைஸ் சின்னது. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. இன்னிக்கு வலிக்கறது மட்டும் நிஜம். எலுமிச்சை மரத்துலேர்ந்து விழுந்தேன்."

பன்னிரண்டு ஜூரிகளும் உட்கார்ந்தார்கள். ஸாபோ தொப்பியைத் தரையில் அடித்தார்.

பிளாட்னிக் சுருட்டை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு பேனாவைப் பைக்குள் செருகினார். ஒப்பந்தத்தை நாலாக மடித்தார்.

"நான் வாங்க வந்தது அந்தக் காலை. ஜனங்க காசு குடுத்துப் பாக்கறது அந்த நடையை. அதுவே டூப்ளிகேட்டுன்னா மூஞ்சிக்கா ஏழு வருஷம் எழுதித் தரமுடியும்? மூஞ்சி எல்லார் கழுத்து மேலயும்தான் இருக்கு."

வீட்டுக்குப் போய் ஹேஸலிடம் எப்படிச் சொல்வது என்று ஹோபர்ட் யோசித்தார். அந்தக் கறுப்பு டெலிபோன் கண்முன் வந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுது முடிச்சுட்டு வேலையைப் பாரு" என்றார் ஸாபோ கடுப்பாக. "ஊசியோட மரப்பு விட்டதும் இந்த ஒரு ஷாட்டை முடிச்சுக் குடுத்துட்டுப் போய்ச் சேரு. சனிக்கிழமை மாதிரியே இருக்கணும். இடது காலு."

"வலது காலு சார்" என்றாள் வெர்னா.

இம்முறை அவள் பென்சிலை உயர்த்தவில்லை. எழுந்தே நின்றுவிட்டாள்.

"என்ன சொன்னே?"

"சனிக்கிழமை கதவுகிட்டேர்ந்து இவர் நொண்டிக்கிட்டு வந்தது வலது காலு. அதைத்தான் காலைலேர்ந்து சொல்ல வர்றேன். சுளுக்கோட அப்படியே நடந்திருந்தா முதல் ஷாட்டே ஓகே ஆயிருக்கும்."

"இல்லம்மா, நான் கண்ணாடில பார்த்து, தப்பா இருந்தா திருத்திக்கிட்டுத்தான்..." என்று ஆரம்பித்த ஹோபர்ட் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெர்னா நோட்டைப் புரட்டினாள். "தபால்காரர் படத்துல பாதி வரைக்கும் இடது, அப்புறம் வலது. பாதிரியார் படம் முழுக்க வலது. ஷெரீஃப் படத்துல ஒரே சண்டையில ரெண்டும். நம்ம ஸ்டூடியோல மொத்தம் பதினொரு படம் சார். எல்லாத்துலயும் இப்படித்தான்."

பிளாட்னிக்கின் சுருட்டு வாயிலிருந்து நழுவியது.

"ஹீரோ கோட்டுல ஒரு பித்தான் குறைஞ்சா மூட்டை மூட்டையா லெட்டர் போடுவானுங்களே! பதினொரு படத்துல ஒருத்தன்கூடவா இவன் காலு மாறினதைக் கவனிக்கலை?"

"ஒரு லெட்டர்கூட வரலை சார்."

பிளாட்னிக் ஹோபர்ட்டைப் பார்த்தார். முதல்தடவையாக, கழுத்துக்கு மேலே பார்த்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது.

"ஜனங்களை விடு. இதைக் கவனிக்கறதுக்குத்தானே உன்னை வச்சிருக்கு? அப்பப்பவே சொல்றதுக்கென்ன?"

வெர்னா நோட்டை மூடினாள்.

"நோட்டுல எழுதிட்டு, சொல்லலாம்னு ஒவ்வொரு தடவையும் நிமிருவேன் சார். இவர் முகம் தெரியும். அதைப் பார்த்துக்கிட்டே காலை மறந்துடுவேன்."