சனிக்கு எத்தனை சந்திரன்

பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில்தான் தக்ஷாயினி இந்தச் சனி விரதக் கணக்கைக் கோயில் ஐயரிடம் கேட்காமல் விட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். அவள் ஒன்றைக் கேட்க, அவருக்கு வேறொன்று விளங்கினால் தேற்றாத்தீவு ஊரே சிரிக்கும்.

எல்லாம் புருஷன் அழகரத்தினத்தால் வந்த வினை. மகள் அனுப்பிய போன் கைக்கு வந்ததிலிருந்து மனிதர் பூமியில் இல்லை. எந்தக் கிரகத்தில் தண்ணீர் இருக்கிறது, எதில் போய்க் குடியிருக்கலாம் என்று ஓயாத தேடல். குடியிருக்கிற வீட்டில் குழாய் ஒழுகுவதை மட்டும் அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அதையும் பொறுத்தாள். ஆனால் புரட்டாதிச் சனிக்கிழமை காலையில், ஊரே எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகும் நேரத்தில், வாவி நண்டுக் கோர்வையோடு வந்து நின்றார். அவருக்கோ ஏழரைச் சனி. போன வருசம் இந்த விரதத்தை விட்டுத்தான் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து கால் முறிந்தார்.

"சனி வெறும் காத்து உருண்டைகா. அதுட சந்திரன் ஒண்டில பனிக்கட்டிக்குக் கீழ கடலே இருக்கு. உயிரும் இருக்கலாமாம். அதுக்குப் பயந்து நான் பருப்புத் தின்னவா?"

"சந்திரன் ஒண்டிலயா? அப்ப வேறயும் இருக்கா?"

மனைவி பாடம் கேட்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இருநூத்தி எழுபத்திநாலு. இன்னும் தேடுறாங்க."

தக்ஷாயினி அப்படியே குந்திவிட்டாள். சாதகத்தில் சனியோடு ஒரு சந்திரன் சேர்ந்ததற்கே தங்கச்சியின் கலியாணம் இழுபட்டது. இது ஒரு பட்டாளம்.

"எல்லாம் சின்னச் சின்னக் கல்லுகா."

"அதுகளச் சந்திரன் எண்டு சொன்னது நீங்கதானே?"

"ஓம்."

"கடக ராசிக்கு என்ன படம் போடுற?"

"நண்டு."

"அதுக்கு அதிபதி ஆரு?"

வாய்வரை வந்த சந்திரன் அங்கேயே நின்றான்.

நண்டுக் கோர்வை வேலிக்கு மேலால் பீற்றிஸ் அக்கா வீட்டுக்குப் போனது. வேதக்காரக் கிறிஸ்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விரதம். மத்தியானம் கறி வாசம் மட்டும் திரும்பி வந்தது. அழகரத்தினம் பருப்பைப் பிசைந்தபடி, எத்தனை சனிக்கிழமைக்கு இப்படி என்று மெல்லக் கேட்டார்.

ஒரு சந்திரனுக்கு ஒரு சனி என்றாள். அவர் மனதுக்குள் வருசக் கணக்குப் போட்டு முடிக்குமுன், இனிமேல் கண்டுபிடிக்கப்போகிறவைக்கும் சேர்த்து, ஒரு காவலுக்கு, முந்நூறாகவே நேர்ந்துவிட்டாள்.